எண்ணெய்த் தலைகளின் புதன்கிழமை

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு வாசல்கள். முன்வாசலில் காகிதப்பூக்கொடி, பின்வாசலில் ஜெனரேட்டர். முன்வாசல் மெயின் செக்‌ஷனுக்கு. அதில் வெள்ளைக்காரப் பிள்ளைகளும் அரபுப் பிள்ளைகளும் படித்தார்கள். பின்வாசல் ஏசியன் செக்‌ஷனுக்கு. இந்தியா, பாகிஸ்தான், இலங்கை, பங்களாதேஷ் என்று பழுப்பின் எல்லாச் சாயல்களும் அங்கே படித்தோம். யாருக்கு எந்த வாசல் என்பதை அட்மிஷன் அன்றைக்கே பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்து எழுதிவிடுவார்கள். ஒதுக்கிவைத்தல் என்ற சொல்லை யாரும் வாயில் எடுத்ததில்லை. டைம்டேபிள் என்பார்கள். அந்தச் சொல்லுக்குத்தான் எத்தனை சுத்தமான கைகள்!

இரண்டாயிரங்களின் தொடக்கம் அது. அல் ஐன். திரும்பிய பக்கமெல்லாம் ஒரு ரவுண்டானா, ரவுண்டானாவுக்கு நடுவில் ஒரு புல்வட்டம், தூரத்தில் ஒரு மொட்டை மலை. கீழக்கரையில் அலைச்சத்தத்தில் வளர்ந்த என் வாப்பா கடலே இல்லாத இந்த ஊரில் வந்து மளிகைக் கடை போட்டிருந்தார். கடலைக் கண்ட கண்ணுக்கு இங்கே கிடைத்த தண்ணீர் ஒன்றே ஒன்றுதான்: பள்ளிக்கூடத்து நீச்சல் குளம். நீல ஓடு பதித்த சின்னக் குளம். முன்வாசல் பக்கம் இருந்தது.

சனி முதல் செவ்வாய் வரை குளம் மெயின் செக்‌ஷனுக்கு. (அப்போதெல்லாம் வியாழனும் வெள்ளியும்தான் விடுமுறை, வாரம் சனிக்கிழமை தொடங்கும்.) புதன்கிழமை கடைசி இரண்டு பீரியடு எங்களுக்கு. அது முடிந்ததும் பழைய தண்ணீரை இறக்கிவிட்டுப் புதுத் தண்ணீர் விடுவார்கள். தண்ணீர் டேங்கர் லாரி சீக்கிரமே வந்துவிடும். நாங்கள் நீந்திக்கொண்டிருக்கும்போதே வேலிக்கு அப்பால் இன்ஜினை அணைக்காமல் நிற்கும். முடிந்ததா, ஏறுகிறீர்களா, கழுவ வேண்டும் என்று உறுமிக்கொண்டே நிற்கும். அத்தனை பெரிய லாரி அத்தனை பொறுமையில்லாமல் என்னைப் பார்த்ததை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

ஏன் கடைசி நாள் என்பதற்குக் குளக்கரையில் ஒரு போர்டு பதில் சொன்னது: தலையில் எண்ணெய் தடவியவர்கள் குளத்தில் இறங்கக் கூடாது. ஏசியன் செக்‌ஷன் தலைகளில் எண்ணெய் இருக்கும், எண்ணெய் தண்ணீரைக் கெடுக்கும், கெட்ட தண்ணீரை அன்றைக்கே மாற்ற வேண்டும், ஆகவே புதன்கிழமை. கணக்கு டீச்சர் பார்த்தால் முழு மதிப்பெண் போட்டிருப்பார். விதி எங்களுக்குப் புதன்கிழமை மட்டும் தளர்த்தப்பட்டிருந்தது. அதற்கு நாங்கள் நன்றி வேறு சொல்ல வேண்டும்.

பத்தாம் வகுப்பில் நாங்கள் பதினோரு பெண்கள். அதில் நீந்தத் தெரிந்தவள் என்று சொல்லத் தக்கவள் ஒருத்திதான். இலங்கையிலிருந்து வந்த பருத்தித்துறைக்காரி. என் பெஞ்சில் பக்கத்தில் உட்காருகிறவள், என் பென்சில் பெட்டியைத் தன்னுடையது என்று நம்புகிறவள். நடக்கப் பழகும் முன்பே கடலில் விழுந்து எழும்பியவள். நாங்களெல்லாம் தண்ணீரை அடிப்போம். அவள் தண்ணீரைத் திறந்துகொண்டு போவாள்.

அவள்தான் ஒரு நாள் போர்டை முறைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"எண்ணெய்தானே பிரச்சினை? நாங்கள் எண்ணெய் வையாமல் வருவம். அப்ப என்ன சொல்லினம் பாப்பம்."

சொல்வது சுலபம். அவள் வீட்டில் அவளுடைய அம்மா வேலைக்குப் போகிறவர், தலையைக் கவனிக்க நேரமில்லை. எங்கள் வீட்டில் உம்மாவுக்கு உலகத்தில் என் தலையைவிட முக்கியமான சோலி இல்லை. மூன்றாம் நாளே கண்டுபிடித்துவிட்டாள்.

"ஏம்புள்ள, தலையை இப்படிக் காயப் போட்டுட்டு அலையுற? சீக்கு வந்த கோழி மாதிரி இருக்கே."

"இப்ப இதுதான் பேஷன் உம்மா."

"வாப்பா கடையில எண்ணெ டின்டின்னா அடுக்கிக் கெடக்கு, மவ தலையில ஒரு சொட்டு இல்ல. பாக்குறவ என்ன சொல்லுவா? யாவாரம் படுத்துருச்சுன்னு சொல்ல மாட்டா?"

பத்து நாள் போராட்டம். சாப்பாட்டை மறுத்திருந்தால்கூட உம்மா தாங்கியிருப்பாள். எண்ணெயை மறுத்தது அவளைக் கலங்கடித்தது. நான் அவள் கைக்கு எட்டாத தூரத்திலேயே வீட்டுக்குள் நடமாடினேன்.

சனிக்கிழமை காலை பதினோரு பேரும் விளையாட்டு டீச்சர் முன்னால் வரிசையாக நின்றோம். அவர் இங்கிலாந்துக்காரர். கெட்டவர் என்று சொல்ல முடியாது. கெட்டவராக இருந்திருந்தால் எங்கள் வேலை எளிதாகியிருக்கும். எங்கள் பிறந்தநாளெல்லாம் நினைவு வைத்திருப்பார், விழுந்தால் மருந்து போடுவார். அந்தப் போர்டை மட்டும் அவர் பூமிக்கு ஈர்ப்பு விசை இருப்பதைப் போல நம்பினார்.

"மேடம், எங்கள் தலையில் எண்ணெய் இல்லை. நாங்கள் மற்ற நாட்களிலும் நீந்தலாமா?"

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு டிஷ்யூ பேப்பர் டப்பாவை எடுத்தார். ஒவ்வொருத்தி வகிட்டிலும் ஒரு தாளை வைத்து அழுத்தி, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். வைரம் பார்க்கிற கடைக்காரர்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டார். ஒன்று, சுத்தம். இரண்டு, சுத்தம். எட்டாவது நான். என் தாளின் நடுவே வட்டமாக, பளபளப்பாக, நிலா மாதிரி ஒரு கறை.

எனக்கே புரியவில்லை. வீட்டுக்குப் போய் என் சீப்பை முகர்ந்து பார்த்த பிறகுதான் புரிந்தது. உம்மா தலையைத் தொடவில்லை. சீப்பில் தடவி வைத்துவிட்டாள். பத்து நாளாக என் கையாலேயே நான் எண்ணெய் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரு வாரம் என்னோடு யாரும் பேசவில்லை. பருத்தித்துறைக்காரி மட்டும் பேசினாள். அதுவும் பேசாமல் இருந்திருக்கலாம். "உன்ரை அம்மாவை ராணுவத்திலை சேர்த்துவிடடி" என்றாள். நான் வாப்பா கடையிலிருந்து புதுச் சீப்பு எடுத்து ஜியாமெட்ரி பெட்டிக்குள் பூட்டி வைத்தேன்.

அடுத்த சனிக்கிழமை மறுபடியும் டிஷ்யூ. பதினோரு தாளும் பாலைவனம். ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு பொட்டு இல்லை. டீச்சரின் முகம் நிஜமாகவே மலர்ந்தது.

"அருமை! எவ்வளவு பொறுப்பான பிள்ளைகள்! இதையே தொடருங்கள்."

"அப்படியானால் மேடம், நாளைக்கு..."

"வழக்கம்போல் புதன்கிழமை. டைம்டேபிள் டைம்டேபிள்தானே, கண்ணே?"

வெளியே வந்து ஜெனரேட்டர் பக்கத்தில் நின்றோம். காய்ந்த தலைகள் காற்றில் பறந்தன. எண்ணெயைக் கழித்த பிறகும் நாங்கள் மிச்சம் இருந்தோம். அந்த மிச்சம்தான் பிரச்சினை என்பது அன்றைக்குத்தான் பதினோரு மண்டைக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது.

திங்கட்கிழமை மூன்றாவது பீரியடு மெயின் செக்‌ஷன் பெண்களின் நீச்சல் வகுப்பு. நாமும் போய் இறங்கிவிடுவோம் என்று அங்கேயே சபதம். பதினோரு பேரும் கையின் மேல் கை வைத்தோம். என் கைதான் எல்லாக் கைக்கும் மேலே இருந்தது. அதை நான் மறக்காமல் எழுதிவைக்க வேண்டும்.

திங்கட்கிழமை வந்தது. உடை மாற்றும் அறைக்குள் நாங்கள் நுழைந்தோம், தொப்பி மாட்டினோம். உம்மா ஜெர்ஸித் துணியில் தைத்துத் தந்த, கணுக்கால் வரை இறங்கும் நீச்சல் உடை எனக்கு. பருத்தித்துறைக்காரி கதவைத் திறந்து முன்னால் நடந்தாள். அவளுக்குப் பின்னால் நான் இருக்க வேண்டும். எனக்குப் பின்னால் ஒன்பது பேர். நான் கதவு வரை போனேன். வெளியே டீச்சரின் விசில் வெயிலில் மினுங்கியது. என் கால் நின்றுவிட்டது. என் கால் நின்றதால் எனக்குப் பின்னால் ஒன்பது பேரின் காலும் நின்றது. துண்டு தொங்கும் கம்பிக்குப் பின்னால், அவளுடைய செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நேராகப் போய்க் குதித்தாள். விசில் ஊதியது. ஒரு நீளம். மறுபடி விசில். திரும்பினாள், இரண்டாவது நீளம். மெயின் பெண்களெல்லாம் விலகிக் கரையோரம் ஒதுங்கினார்கள். விசில் ஊதியபடியே டீச்சர் கரையில் அவளோடு கூடவே ஓடினார். அவரால் ஈடுகொடுக்க முடியவில்லை. நான்கு நீளம் முடித்து, கரையைத் தொட்டு, தொப்பியைக் கழற்றி, "வந்திட்டன் மேடம்" என்பது போல ஏறி வந்தாள்.

பிரின்சிபல் அறையில் கால் மணி நேரம். தீர்ப்புச் சுருக்கமானது. குளத்தின் சுகாதார விதியை மீறி எண்ணெய்த் தலையோடு இறங்கியது தவறு, மன்னிக்கவும் என்று அவள் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். புதன்கிழமைக்குள். இல்லையென்றால் டீசி.

டீசி என்றால் என்னவென்று எங்களுக்குத் தெரியும். பத்தாம் வகுப்பில், பரீட்சைக்குச் சில வாரங்கள் இருக்கும்போது, அந்த ஊரில் வேறு எந்தப் பள்ளிக்கூடமும் எடுக்காது. அவளுடைய அப்பா அவளைக் கொழும்பில் மாமி வீட்டுக்கு அனுப்பிவிடுவார். அம்மா அப்பா இங்கே, அவள் அங்கே.

"எழுதிக் குடுத்துருடி" என்றேன். "ஒரு தாள்தானே?"

"போடாத எண்ணெய்க்கு நான் என்னத்துக்கு மன்னிப்புக் கேக்கிறது?"

"பயமா இல்லியா ஒனக்கு?"

"ஓமடி, பயமாத்தான் கிடக்கு. அதுக்காகப் பொய் எழுதலாமே?" பிறகு பென்சில் பெட்டியை மூடித் திறந்து மூடினாள். "நீங்கள் எல்லாரும் பின்னாலை வாறியளெண்டு நினைச்சு நான் திரும்பியே பாக்கேல்லை."

அதில் கோபம் இருந்திருந்தால் நான் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன். இல்லை.

செவ்வாய்க்கிழமை எனக்கு உட்கார முடியவில்லை. இடைவேளையில் குளத்துப் பக்கம் போனேன். குளத்தைச் சுத்தம் செய்கிறவர் சிவகங்கைப் பக்கத்துக்காரர். தொழிலாளர் கேம்ப்பில் தங்கி டூட்டிக்கு வருகிறவர். பில்டரைக் கழற்றித் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, எண்ணெய் என்னைக்கு அதிகமா இருக்கும்? புதன்கிழமையா?"

அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். "அடி ஆத்தாடி, என்னைய ஏன் பாப்பா இழுக்குறீக? நம்மள எடுத்த அரபி மொதலாளி, கபில் காதுக்குப் போச்சுன்னா கலாஸ், கத முடிஞ்சுது. அடுத்த பிளைட்ல ஏத்திருவாய்ங்க." சொல்லிவிட்டு, பில்டரை என் மூக்கருகில் நீட்டினார். "மோந்து பாருங்க. இது நேத்து அழுக்கு. திங்கக்கெழம அழுக்குன்னாலே புட்டு அவிக்கிற வீட்டு வாசம் அடிக்கும்."

தேங்காய் வாசம். சந்தேகமே இல்லை.

"அந்தப் புள்ளைக மேலெல்லாம் என்னத்தையோ பூசிக்கிட்டுல்ல எறங்குதுக. மேலு கறுக்கணுமாம்."

"கறுக்கணுமா?"

"ஆமா பாப்பா. வெயில்ல படுத்துக் கெடந்து கறுக்கணுமாம், அதுக்கு ஒரு எண்ணெ. நாங்கள்ளாம் சைட்டுல இனாமா கறுக்குறோம்."

இதைப் பிரின்சிபலிடம் போய்ச் சொல்லலாம். சொன்னால் யார் சொன்னது என்று கேட்பார். கேட்டால் இந்த மனிதருக்கு பிளைட்டு. உண்மை கையில் இருந்தும் நீட்ட முடியவில்லை. அந்த வாசம் மூக்கிலேயே நிற்க நான் திரும்பி நடந்தேன்.

பின்வாசல் பக்கம் ஒருத்தி நின்றிருந்தாள். மெயின் செக்‌ஷன் நீச்சல் அணியின் கேப்டன், ஐரிஷ்காரி. முகமெல்லாம் கேழ்வரகு தூவியது போலப் புள்ளி. எங்கள் வாசலுக்கு அவள் வந்தது அதுதான் முதல் தடவை. ஜெனரேட்டர் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"நேற்று நீந்தினாளே, அவள் எங்கே? எனக்கு அவள் வேண்டும்."

புதன்கிழமை நீச்சல் போட்டி. அபுதாபியிலிருந்து ஒரு பள்ளி வருகிறது. ஒவ்வொரு வருஷமும் அந்தப் போட்டிக்காக எங்களுடைய புதன்கிழமையையும் பிடுங்கிக்கொள்வார்கள். ரிலேயில் கேப்டனின் அணி வருஷா வருஷம் தோற்கிறதாம்; நான்காவதாக நீந்துகிறவள் ஆமையாம். அவளுக்குச் சமத்துவம் பற்றி யோசனை எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. கோப்பை வேண்டும். எனக்கு அது பிடித்திருந்தது.

நான் டீசி கதையைச் சொன்னேன். போர்டைப் பற்றிச் சொன்னேன். டிஷ்யூ பேப்பரைச் சொன்னேன். அவள் புள்ளிகளெல்லாம் சிவந்தன.

"எண்ணெயா? நாங்கள்தானே பூசிக்கொள்கிறோம்!" என்று பைக்குள் கைவிட்டு ஒரு பாட்டிலை எடுத்தாள். அதன் மேல் ஒரு தென்னை மரம் கடற்கரையில் ஒய்யாரமாகச் சாய்ந்து நின்றது. எங்கள் ஊர் மரம், இங்கே வந்து அவளுக்கு வேலை பார்க்கிறது.

"உடம்பில் பூசலாம். போர்டில் தலை என்றுதான் இருக்கிறது" என்றேன்.

சொல்லி முடிப்பதற்குள் எனக்கே அது கேட்டது. தலையில் எண்ணெய் இருந்தால் இறங்கக் கூடாது. எந்த செக்‌ஷன் தலை என்று போர்டில் எழுதவில்லை. மெயின் தலைகளிலும் எண்ணெய் ஏறினால் ஒன்று போட்டி நிற்க வேண்டும், இல்லை போர்டு இறங்க வேண்டும்; போர்டு இறங்கினால் கேப்டனுக்கு நான்காவது ஆள் கிடைப்பாள்.

நான் அவள் தலையைப் பார்த்தேன். அவள் நான் பார்ப்பதைப் பார்த்தாள்.

"முடியாது" என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்து, "வலிக்குமா?" என்றாள்.

அன்று சாயங்காலம் உம்மாவிடம் எண்ணெய் வேண்டும் என்று கேட்டேன். உம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "அல்ஹம்துலில்லாஹ்! புத்தி வந்துருச்சா புள்ளைக்கு!" எதற்கு, ஏன், ஒரு கேள்வி இல்லை. மிளகும் சீரகமும் போட்டுக் காய்ச்சி, ஆறவைத்து, பெரிய பாட்டில் நிறைய ஊற்றித் தந்தாள். "கூட்டாளிப் புள்ளைவளுக்கும் குடு, பாவம், எல்லாம் காஞ்சு கெடக்குதுவ" என்றாள். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே சதிக்கு இப்படி மனமுவந்த ஒத்துழைப்புக் கிடைத்தது.

புதன்கிழமை காலை இடைவேளை. குளக்கரைப் படிகளில் உட்கார்ந்தோம். எங்கள் வீடுகளில் பெண்கள் உட்காருவார்களே, ஒருத்திக்கு முன்னால் ஒருத்தி, படிக்குப் படி, அவள் தலையில் இவள் கை, இவள் தலையில் இன்னொருத்தி கை, அந்த வரிசை. எங்கள் பத்துப் பேரோடு மெயின் அணியில் ஆறு பேர் வந்து சேர்ந்தார்கள். எகிப்துக்காரி ஒருத்தி தங்கள் வீட்டில் ஆலிவ் எண்ணெய்தான் என்று கொஞ்சம் கௌரவம் காட்டிவிட்டு, தேங்காய்க்கு இறங்கிவந்தாள். கேப்டன் எனக்கு முன்னால் உட்கார்ந்தாள். சோளப்பட்டுப் போன்ற முடி. இரண்டு கை எண்ணெயில் முழுத் தலையும் முழுகிவிட்டது. உச்சியில் வைத்து நாலு தட்டுத் தட்டினேன், உம்மா தட்டுவது போலவே.

"இதைத் தினமும் செய்வார்களா உனக்கு?"

"தினமும்."

"உன் அம்மாவா?"

"வேண்டாம் என்றால் சீப்பில் தடவி வைப்பார்."

அவள் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் காட்டினாள். பிறகு, "காதுக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம்" என்றாள்.

விளையாட்டு டீச்சர் வந்தபோது பதினாறு தலைகள் வெயிலில் ஒரே மாதிரி மின்னின. கறுப்பு முடியா, மஞ்சள் முடியா, செம்பட்டையா என்று தூரத்திலிருந்து சொல்ல முடியாது. அவர் வாயிலிருந்து விசில் நழுவிக் கயிற்றில் தொங்கியது.

"போட்டி பதினொரு மணிக்கு! நீங்கள் என்ன செய்திருக்கிறீர்கள்?"

"எண்ணெய் தடவினோம் மேடம்" என்றாள் கேப்டன். "நாங்கள் இறங்கக் கூடாதல்லவா? புதன்கிழமை கடைசி இரண்டு பீரியடுக்கு வந்துவிடட்டுமா?"

டீச்சர் சோப்பை எடுத்து ஒருத்தி தலையில் தேய்த்துப் பார்த்தார். நுரை வந்தது, எண்ணெய் போகவில்லை. "சீயக்காய் வேண்டும் மேடம், அதுவும் இரண்டு தரம்" என்று நான் தகவல் சொன்னேன். நீச்சல் தொப்பியை மாட்டிப் பார்த்தார். அது வழுக்கிக்கொண்டு மேலே போய், தாவி, குளத்தில் விழுந்து மிதந்தது.

பிரின்சிபல் வந்தார். அவருக்குப் பின்னால் பருத்தித்துறைக்காரி. காலையிலிருந்து அவரது அறையில், வெற்றுத் தாள் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். இன்னும் ஒரு எழுத்து எழுதவில்லை. வெளியே நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது. எங்களைப் பார்த்தாள். எண்ணெய் வழியும் கேப்டனைப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள், அவ்வளவு சிரிப்பு.

"யார் ஆரம்பித்தது?" என்றார் பிரின்சிபல்.

என் கால் மறுபடி அதே வேலையைச் செய்யப் பார்த்தது. அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை அவள் முன்னால் நின்று பார்த்தாள்.

எழுந்தேன். "நான்தான் சார். எண்ணெய் எங்கள் வீட்டு எண்ணெய். மிளகு போட்டது."

மிளகை ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது. உடனே எனக்குப் பின்னால் ஒருத்தி எழுந்தாள், பிறகு இன்னொருத்தி, பிறகு கேப்டன், பிறகு ஆலிவ் எண்ணெய்க்காரி. யாரை டீசி கொடுத்து அனுப்புவது? ஆறு பேர் முன்வாசல் பிள்ளைகள். அவர்களுடைய அப்பாக்கள் பிரின்சிபலோடு தேநீர் குடிக்கிறவர்கள்.

அந்த நேரம் பார்த்து முன்வாசலில் ஹாரன் கேட்டது. அபுதாபிப் பேருந்து. பிரின்சிபல் எங்கள் தலைகளைப் பார்த்தார், போர்டைப் பார்த்தார், மறுபடி எங்கள் தலைகளைப் பார்த்தார். போர்டும் இந்தத் தலைகளும் ஒரே கரையில் இருக்க முடியாது என்பது அவருக்குப் புரிந்தது. சிவகங்கைக்காரரைக் கூப்பிட்டு அதைக் கழற்றச் சொன்னார்.

"கௌன்ஸா போர்டு, சாப்?" எந்தப் போர்டு என்று இந்தியில் கேட்டார் அவர், பச்சைப் பிள்ளை முகத்தோடு. இருந்தது ஒரே போர்டு. ஸ்குரூ துருப்பிடித்திருக்கிறது என்று நிதானமாக, மிக நிதானமாக, ஒவ்வொன்றாகத் திருகினார். அபுதாபிப் பிள்ளைகள் உள்ளே வந்தபோது அவர் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர்களுக்கு வழிவிட்டு நின்றார்.

பிரின்சிபல் பருத்தித்துறைக்காரியிடம் திரும்பினார். குரல் தாழ்ந்திருந்தது.

"கோப்பில் ஒரு தாள் இருக்க வேண்டும். நடந்ததை எழுதிக் கொடு. போதும்."

அவள் சுவரில் தாளை வைத்து நின்றபடியே எழுதினாள். மூன்று வரி. அவள் தோளுக்கு மேலாக நான் படித்தேன். திங்கட்கிழமை மூன்றாவது பீரியடில் நான் நீந்தினேன். என் தலையில் எண்ணெய் இல்லை. தண்ணீர் நன்றாக இருந்தது.

அவர் அதை இரண்டு தடவை படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். டீசி என்ற சொல்லை அதற்குப் பிறகு யாரும் எங்கள் காதில் போடவில்லை.

போட்டியைப் பற்றிக் கேட்காதீர்கள். பெயர்ப்பட்டியல் முன்பே போய்விட்டதால் அவளைச் சேர்க்கவில்லை. மெயின் அணி தொப்பியில்லாமல், கண்ணில் மிளகெண்ணெய் இறங்கி எரிய எரிய நீந்தி, இரண்டாவது இடத்தில் வந்தது. போட்டியிட்டவை இரண்டே பள்ளிகள். கேப்டன் ஏறி வந்து, "உன் அம்மாவை நான் சந்திக்க வேண்டும்" என்று என்னிடம் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

வாசல்கள் இரண்டும் நான் படிப்பை முடிக்கும் வரை இரண்டாகவே இருந்தன. ஜெனரேட்டரும் எங்களோடுதான் இருந்தது. குளம் மட்டும் மாறியது. பத்தாம் வகுப்புப் பெண்கள், இரண்டு செக்‌ஷனும் சேர்ந்து, சனிக்கிழமை முதல் பீரியடு என்று டைம்டேபிளில் புதுக் கட்டம் ஒன்று முளைத்தது.

அந்தச் சனிக்கிழமை ஏழரை மணிக்குப் போய் நின்றோம். ஜனவரி மாதம். பாலைவனத்தின் ஜனவரியை வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். புதுத் தண்ணீர், ஒருவரும் தொடாத தண்ணீர், நீல ஓட்டின் ஒவ்வொரு கோடும் தெரிகிற தண்ணீர். பதினோரு பேரும் கைகோத்துக்கொண்டோம். இம்முறை யாருடைய காலும் நிற்கவில்லை. குதித்தோம்.

ஐயோ! ஊசி. ஆயிரம் ஊசி. வாரம் முழுக்க வெயில் குடித்து வெதுவெதுப்பாக எங்களிடம் வந்துசேர்ந்த புதன்கிழமைத் தண்ணீரைத் தவிர வேறொன்றும் அறியாத உடம்புகள் அலறின. குளோரின் வேறு கண்ணைப் பிடுங்கியது. மெயின் பெண்கள் கரையில் துண்டைப் போர்த்திக்கொண்டு, இன்னும் இறங்காமல், எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். வருஷக்கணக்கில் சனிக்கிழமைகளை அனுபவித்தவர்களுக்கு விஷயம் தெரியும்.

பருத்தித்துறைக்காரி தண்ணீருக்கு மேலே தலையைத் தூக்கினாள். உதடு நீலம். பல் தந்தியடித்தது.

"இந்தக் குளிருக்கோடி நான் டீசி வாங்கப் பாத்தனான்!"

சொல்லிவிட்டு, மூச்சை இழுத்துக்கொண்டு, மறுகரையைப் பார்த்து நீந்தத் தொடங்கினாள்.